பதில்: ‘ஈவன்ட் கவர்’ – நிகழ்வுறையா, நிகழ்நாள் உறையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அஞ்சல்தலைச் சேகரிப்பில் ‘ஈவன்ட் கவர்’ என்பதற்கு, அதாவது ஒரு நிகழ்வையொட்டி அஞ்சல் முத்திரை விழுந்த உறைக்கு, தமிழில் என்ன சொல்வது என்று தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஒருவர் கேட்டிருந்த கேள்விக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

> ‘முதல்நாள் உறை’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ள முடியாது. முதல்நாள் உறை என்பது அஞ்சல்தலை வெளியான அன்றைய முத்திரை விழுந்த உறை மட்டும்தான். என் சேகரிப்பு அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டம் பற்றியது, அதிலிருந்தே சொல்கிறேன். அடிமைகள் விடுதலைப் பிரகடனத்தின் நூற்றாண்டுக்காக 1963 ஆகஸ்ட் 16 அன்று சிகாகோவில் 5 சென்ட் அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டார்கள், அறுந்த சங்கிலி வரைந்தது. வரைந்தவர் ஜார்ஜ் ஓல்டன், அமெரிக்க அஞ்சல்தலை ஒன்றை வடிவமைத்த முதல் கறுப்பினத்தவர். அன்று சிகாகோ முத்திரை விழுந்த உறை முதல்நாள் உறை, அதில் சிக்கல் இல்லை. சரியாகப் பன்னிரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 28, சிவில் உரிமை கேட்டு நடந்த வாஷிங்டன் பேரணி. அதே அஞ்சல்தலையை ஒட்டி அன்றைக்கு வாஷிங்டனில் முத்திரை வாங்கிய உறையை என்னவென்று அழைப்பீர்கள்? தலை ஒன்றே, உறையும் ஒரே கடையில் வாங்கியதாகக்கூட இருக்கலாம், ஆனால் ஒன்று தலை பிறந்த நாளைச் சொல்கிறது, மற்றது லட்சக்கணக்கானவர்கள் லிங்கன் நினைவகத்தின் முன் கூடிய நாளைச் சொல்கிறது. இந்த இரண்டாவதற்குத்தான் நமக்குச் சொல் இல்லை.

> நிகழ்வுறை போதுமே, சின்னதாகவும் இருக்கிறது.

சின்னது, அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2005இல் அமெரிக்க அஞ்சல் துறை சிவில் உரிமை வரலாற்றின் பத்து நிகழ்வுகளுக்கு ஒரே நாளில் பத்துத் தலை வெளியிட்டது: மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு, லிட்டில் ராக் மாணவர்கள், செல்மா ஊர்வலம் எல்லாம் அதில் உண்டு. அவற்றின் முதல்நாள் உறைகள் எல்லாமே ஒரு நிகழ்வைப் பற்றியவைதான், ஆனால் எதன் முத்திரையிலும் நிகழ்வின் தேதி இல்லை, எல்லாவற்றிலும் ஆகஸ்ட் 30, 2005. போதாக்குறைக்கு, முதல்நாள் முத்திரையை, உறையை வாரக்கணக்கில் கழித்து அனுப்பியும் வாங்கிக்கொள்ளலாம், தேதி மட்டும் முதல்நாளாகவே விழும் (இதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குப் பாதி ஆசை போய்விட்டது). ஆகவே, ‘எதைப் பற்றியது’ என்பதை வைத்துப் பெயரிட்டால் குழம்பும். எந்த நாள், எந்த ஊர் என்பதை வைத்துத்தான் பெயரிட வேண்டும்.

நான் முதலில் ‘அந்நாள் உறை’ என்று முன்வைத்தேன். ‘அந்நாள் அமைச்சர்’ என்பது போல ஏதோ பழைய உறை என்று படுகிறதே என்று ஒரு தோழி மடக்கினார். சரிதான், பின்வாங்குகிறேன். ‘நிகழ்நாள் உறை’ என்றால் முதல்நாள் உறைக்குப் பக்கத்தில் ஜோடியாக நிற்கும், கேட்டவுடன் வேறுபாடும் புரியும்.

நிகழ்வின் ஆண்டு நிறைவில் முத்திரையிட்டவை தனி. அவற்றை ‘நினைவுறை’ என்று பிரித்துவிடலாம். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கிறார்கள், நாமும் அடைக்க வேண்டும் என்று கட்டாயமா? பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸின் அஞ்சல்தலை 2013 பிப்ரவரி 4, அவருடைய நூறாவது பிறந்தநாளில் வந்தது. அதன் உறை முதல்நாள் உறையும்தான், நினைவுறையும்தான். நிகழ்நாள் உறை என்றால் 1955 டிசம்பர் 1, மான்ட்கோமரி முத்திரை வேண்டும். அவர் கைதாவார் என்று யாருக்குத் தெரியும், எவர் உறையோடு காத்திருந்திருப்பார்? அன்று தற்செயலாக அங்கே தபாலில் போட்ட சாதாரணக் கடிதம் கிடைத்தால் உண்டு.

இன்னொன்று. வரையறையில் ‘முத்திரை’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு அது அஞ்சல்தலை, நமக்கு அது கறுப்பு மையில் விழும் வட்டம். மேலே நானே நம் ஊர்ப் பொருளில்தான் எழுதித் தள்ளியிருக்கிறேன், மன்னிக்கவும். அதனால் வரையறையை மட்டும் இப்படி வைக்கிறேன்:

நிகழ்நாள் உறை – ஒரு நிகழ்வு நடந்த அன்றே, நடந்த ஊரின் அஞ்சலகத்தில் நாள்குறி இடப்பட்ட உறை.

உறையின் இடப்பக்கம் அச்சிடும் படத்துக்கு ‘இலச்சினை’ வேண்டாம், அது லோகோவுக்குப் போய்விட்டது. ‘உறைச்சித்திரம்’ போதும்.

மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், அப்புறம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.