முதல் கேரவன் பயணமா? பாம்புகளைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்

சிட்னிக்குப் புதிதாக வந்தவர்கள் குடும்பத்தோடு கேரவன் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) பயணம் பற்றி விசாரித்தால், அடுத்த கேள்வி "அங்கே பாம்பு இருக்குமே?" என்பதுதான். இருக்கும். அதனால்தான் முதல் பயணத்தை வடக்கே சென்ட்ரல் கோஸ்ட் பக்கம் வைத்துக்கொண்டு, சாமர்ஸ்பியில் உள்ள ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க் என்ற ஊர்வனப் பூங்காவை முதல் நாளே பார்த்துவிடுங்கள் என்கிறேன். சிட்னியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். பலரும் அதைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்கிறார்கள். கூடாரம் பக்கம் ஏதோ ஊர்ந்ததைப் பார்த்து அலறிவிட்டு, அது சாதுவான நீலநாக்கு அரணை என்று கடைசி நாளில் தெரிந்து என்ன பயன்? அரணை கடித்தால் மரணம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த அரணை உருவத்தில் பெரியது, ஆனால் விஷம் கிடையாது.

முதலில் வண்டி விஷயம். உங்களிடம் இருப்பது சின்னக் கார் என்றால் கேரவன் இழுக்கும் ஆசையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கார் எவ்வளவு எடை இழுக்கலாம் என்பது அதன் கையேட்டில் இருக்கும். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய கேரவனின் மொத்த எடையை அதோடு ஒப்பிட வேண்டும், காலி எடையை அல்ல. இழுத்துச் செல்லும்போது கேரவனுக்குள் யாரும் உட்காரக் கூடாது, குழந்தைகள் எவ்வளவு கெஞ்சினாலும். மோட்டார்ஹோம் (வண்டியும் வீடும் ஒன்றாகவே இருப்பது) என்றால் 4.5 டன் வரை சாதாரணக் கார் லைசென்ஸ் போதும். ஆனால் 7 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு அவர்களுக்கான இருக்கை கட்டாயம். அதை மாட்டும் கொக்கி வண்டியின் எந்த சீட்டில் இருக்கிறது என்று புக் செய்யும்போதே கேளுங்கள், எல்லா சீட்டிலும் இருக்காது. இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால் கேரவன்களை நிறுத்தித் தங்கும் கேரவன் பார்க்கிலேயே கேபின், அதாவது தங்குவதற்கான சின்ன வீடு, கிடைக்கும். முதல் தடவைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

பள்ளி விடுமுறையில் கேரவன் பார்க்கில் மின்இணைப்பு உள்ள இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். கேரவனுக்கான 15 ஆம்பியர் வயர் வேறு, வீட்டு வயர் வேறு. கழிவறைத் தொட்டியை டம்ப் பாயிண்ட் (அதற்கென்றே உள்ள கழிவு கொட்டும் இடம்) தவிர வேறெங்கும் கொட்டாதீர்கள்.

சரி, ரெப்டைல் பார்க்குக்கு வருவோம். எரிக் வொரெல் என்பவர் தொடங்கிய இடம் இது. சாமர்ஸ்பிக்கு வந்தது 1996இல். வேடிக்கை காட்டும் இடம் மட்டுமல்ல, பாம்புகளிடமிருந்தும் ஃபனல்வெப் என்ற விஷச் சிலந்திகளிடமிருந்தும் விஷம் எடுத்து நஞ்சுமுறிவு மருந்து தயாரிக்கக் கொடுக்கிறார்கள். அந்தச் சிலந்திக்கான மருந்து 1981இல் வந்தது. குழந்தைகளோடு கண்ணாடிக் கூண்டுகள் முன் நிதானமாக நில்லுங்கள். ஈஸ்டர்ன் பிரவுன், சிவப்பு வயிற்றுக் கரும்பாம்பு என்ற இரண்டு விஷப்பாம்புகளையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உடும்பையும் காட்டுங்கள், லேஸ் மானிட்டர் என்பது அதன் இனம்தான். சாப்பாட்டு வாசனைக்கு அது முகாமுக்கே வரும், தீனி போடாதீர்கள். எல்விஸ் என்ற முதலையைப் பார்த்த பிறகு ஆற்றில் இறங்கப் பிள்ளைகள் பயப்படலாம். காட்டு முதலைகள் நாட்டின் வடபகுதியில்தான் உண்டு, இந்தப் பக்கம் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். கடும் குளிர்காலத்தில் ஊர்வன மந்தமாகக் கிடக்கும், முதலை சரியாகத் தின்னாது. கொஞ்சம் வெயில் காலமாகப் பார்த்துப் போவது நல்லது.

அப்புறம், பாம்பைக் கண்டால் அடிக்கப் போகாதீர்கள். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர், தவிர, அடிக்கப் போகும்போதுதான் பலரும் கடி வாங்குகிறார்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, கழுவுவது எதுவும் கூடாது. கடிவாயில் ஒட்டியிருக்கும் விஷத்தை வைத்து மருத்துவமனையில் சோதனை செய்ய முடியும். எலாஸ்டிக் பேண்டேஜைக் கடிபட்ட இடத்தின் மேலும், பிறகு கை அல்லது கால் முழுவதும், சுளுக்குக்குக் கட்டுவதைப் போல அழுத்திச் சுற்றி, அசையாமல் வைத்து அவசர உதவி எண்ணான 000வை அழையுங்கள். அந்த பேண்டேஜ் இரண்டு மூன்று வண்டியில் இருக்கட்டும். எமர்ஜென்சி பிளஸ் ஆப்பையும் ஏற்றிவிடுங்கள், நீங்கள் நிற்கும் இடத்தை அது காட்டும்.

இன்னொன்று, நியூ சவுத் வேல்ஸில் ஆம்புலன்ஸ் செலவை அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏற்காது. உங்கள் இன்சூரன்ஸில் ஆம்புலன்ஸ் கவர் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து கூடவே வருகிறார்கள் என்றால் அவர்களுடையதையும்.