ஸ்லட்ஜ் படியவே மாட்டேன் என்கிறது, பேக்டீரியா பவுடர் போடலாமா?

தெளிநீர்:
வணக்கம். பழச்சாறு, ஜாம் தயாரிக்கும் ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பைக் கவனித்துக்கொள்கிறேன். கழிப்பறைத் தண்ணீரும் இதில்தான் சேர்கிறது. காற்று ஊதும் ஏரேஷன் டேங்கில் எம்எல்எஸ்எஸ் (தண்ணீரில் கலந்து மிதக்கும் பேக்டீரியாச் சேறு, அதாவது ஸ்லட்ஜின் அளவு) 3,000 மி.கி./லி., டிஓ (கரைந்த ஆக்சிஜன்) 2க்குக் கீழே இறங்குவதில்லை. ஒரு லிட்டர் சிலிண்டரில் அரை மணி நேரம் வைத்தால் ஸ்லட்ஜ் 950 மி.லி.யிலேயே நிற்கிறது. ஸ்லட்ஜ் படிய வேண்டிய அடுத்த தொட்டியான கிளாரிஃபையரில் பஞ்சு பஞ்சாக மேலே வந்து வழிகிறது. ஆனால் வடிகட்டிய சாம்பிளில் பிஓடி (கழிவைத் தின்ன பேக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், கழிவின் அளவைக் காட்டுவது) 10தான். இன்லெட்டில் பிஓடி 1,000, மொத்த நைட்ரஜன் 15, பாஸ்பரஸ் 8. பவுடர் விற்பவர், "பேக்டீரியா செத்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும்" என்கிறார். போடலாமா?

கரைசல்:
ரிட்டர்ன் ஸ்லட்ஜில் (கிளாரிஃபையரிலிருந்து டேங்குக்குத் திரும்பிப் போவது) கொஞ்சம் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரின் கரைசல்) விடுங்கள். எங்கள் பிளான்ட்டில் அப்படித்தான் இறக்கினோம்.

நுண்ணோக்கி:
தெளிநீர், பவுடரை இப்போதைக்கு வாங்காதீர்கள். 1,000 பிஓடியை 10க்குக் கொண்டுவரும் பேக்டீரியா எப்படிச் செத்ததாக இருக்கும்? தின்னும் வேலை ஒழுங்காக நடக்கிறது. ஒன்றாகக் கூடித் திரண்டு கீழே இறங்கும் வேலைதான் கெட்டிருக்கிறது. இந்த முறையின் உயிரே அந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது என்பேன்.

1914இல் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் மான்செஸ்டரில் கண்டதும் அதைத்தான். சாக்கடைத் தண்ணீருக்குக் காற்று மட்டும் ஊதிக்கொண்டிருந்தபோது முழுதாகச் சுத்தமாக வாரக்கணக்கில் ஆனது. அடியில் படிந்ததைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, தெளிந்ததை மட்டும் எடுத்துவிட்டு, அதன்மேலேயே புதுத் தண்ணீரை விட்டார்கள். திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, வாரங்கள் மணிநேரங்களாகக் குறைந்தன. நீங்கள் ஓட்டும் ரிட்டர்ன் பம்பின் வேலையும் அதே. படியாத ஸ்லட்ஜைத் திருப்பி அனுப்ப வழியில்லை. அப்புறம் டேங்கில் வேலை செய்ய ஆளும் இருக்காது.

உங்கள் எஸ்விஐ (ஒரு கிராம் ஸ்லட்ஜ் படிந்தபின் எத்தனை மி.லி. இடம் பிடிக்கிறது என்பது) கணக்கு: 950 மி.லி.யை லிட்டருக்கு 3 கிராமால் வகுத்தால் 317. 150க்குள் இருந்தால் நிம்மதி. ஆனால் 950 என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஸ்லட்ஜ் அளவு அதிகமாக இருந்தாலும் சிலிண்டரில் இப்படித்தான் நிற்கும். சாம்பிளில் பாதியை எடுத்து, மீதிக்குத் தெளிந்த அவுட்லெட் தண்ணீரை ஊற்றி மறுபடி வையுங்கள். சட்டென்று இறங்கினால் ஸ்லட்ஜ் கூடிவிட்டது, வெளியேற்றினால் போதும். அப்போதும் இறங்காவிட்டால் இழை பேக்டீரியா பெருகியிருக்கிறது, அல்லது பசை போன்ற வழவழப்பு சேர்ந்திருக்கிறது.

எனக்குச் சந்தேகம் உங்கள் நைட்ரஜன் மேல்தான். 100 பிஓடிக்கு 5 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் வேண்டும். உங்களுக்கு 50 தேவை, இருப்பது 15. பழத் தண்ணீர் முழுக்கச் சர்க்கரை. சர்க்கரை கொட்டிக்கிடந்தும் உடம்பு வளர்க்க நைட்ரஜன் கிடைக்காதபோது, பேக்டீரியா அதைப் பசையாக்கி வெளியே தள்ளும். குறைந்த சத்திலும் பிழைக்கத் தெரிந்த இழைகள் சில முந்திக்கொள்ளும்.

கரைசல் சொன்ன ஹைப்போ இழைகளை வெட்டும், மறுக்கவில்லை. திரளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் முதலில் அடிபடுவது அவைதான். ஆனால் காரணம் அப்படியே இருக்கும், நிறுத்தியதும் திரும்பி வரும். பசைக்கு அது மருந்தே இல்லை. அளவு கூடினால் நல்லதும் சேர்ந்து சாகும்.

தெளிநீர்:
ரொம்ப நன்றி சார். பாதிக்குப் பாதி கலந்தும் 700க்குக் கீழே இறங்கவில்லை. அவுட்லெட்டில் அமோனியா, நைட்ரேட் இரண்டும் பூஜ்யம். கையில் தொட்டால் வழவழவென்று இருக்கிறது. மைக்ராஸ்கோப் எங்களிடம் இல்லை.

நுண்ணோக்கி:
சரி, அப்படியென்றால் நைட்ரஜன் பற்றாக்குறைதான். லிட்டருக்கு 35 மி.கி. குறைகிறது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், ஆக ஒரு கன மீட்டருக்கு 76 கிராம். பாஸ்பரஸ் 2 மி.கி. குறைகிறது, அதற்கு டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) 10 கிராம் போதும். மொத்தமாகக் கொட்டாமல் தண்ணீரில் கரைத்து, ஆலைத் தண்ணீர் வரும் நேரமெல்லாம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அவுட்லெட்டில் அமோனியா 1 மி.கி. அளவுக்குத் தலைகாட்டினால் போதுமானது கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் ஏறினால் யூரியாவைக் குறையுங்கள். இல்லாவிட்டால் வெளியே போகும் தண்ணீரை நாமே கெடுத்ததாகிவிடும்.

டேங்கில் இருக்கும் ஸ்லட்ஜ் முழுக்க மாற, அதன் வயதைப் போல இரண்டு மூன்று மடங்கு காலம் பிடிக்கும். அதுவரை சிலிண்டர் சோதனையைத் தினமும் ஒரே நேரத்தில் எடுத்து எழுதிவையுங்கள். இடையில் யார் சொன்னாலும் வேறு எதையும் சேர்க்காதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும். மைக்ராஸ்கோப் ஒன்று கேட்டு வாங்குங்கள், அந்தப் பவுடருக்கு ஆகும் செலவை அதில் போடலாம்.

கரைசல்:
வழவழப்பு என்று நான் யோசிக்கவே இல்லை. தெளிநீர், யூரியா போட்டபின் எஸ்விஐ எவ்வளவு என்று இங்கேயே எழுதுங்கள்.