பூட்டனின் பட்டாளப் பதிவும் கலியாணப் பதிவும் எங்கே எடுக்கலாம்? அவசரம்

வன்னிப்பெடியன்:
வணக்கம். என் அம்மப்பாவின் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். பர்மாவில் சண்டை பிடித்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். 1941 குடிசன மதிப்பில் குடும்பத்து ஆட்களின் பெயர் எல்லாம் இருக்குமாம். அதை எங்கே பார்க்கலாம்? கலியாணப் பதிவும் வேண்டும். கந்தோரில் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் இருக்கும்போதே எடுத்துக் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

செட்டிகுளத்தான்:
தம்பி, எந்த ஊர்? எந்தக் கந்தோரில் கேட்டீர்கள்? எந்த ஆண்டுக்குத் தேடச் சொன்னீர்கள்? இது ஒன்றும் தெரியாமல் எப்படி வழி சொல்வது?

பழைய_கச்சேரி:
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது, பழைய இழைகளை ஒருவரும் வாசிப்பதில்லை. 1941 இல் குடிசன மதிப்பே நடக்கவில்லை. யுத்தம். 1931 இல் பணமில்லை என்று அரைகுறையாக எடுத்தார்கள், அதற்குப் பிறகு 1946 மார்ச் 19 தான். அச்சிட்ட அறிக்கைகளில் இருப்பது அட்டவணைகள்: எத்தனை பேர், என்ன இனம், என்ன சமயம். உங்கள் பூட்டனின் பெயர் அதில் வராது. இங்கிலாந்துக்காரர் தங்கள் பாட்டன்மாரைக் குடிசன மதிப்பில் தேடுகிற காணொளியைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. கேட்பதற்கு முன் அடிப்படையைப் படியுங்கள்.

துணுக்காய்_தேவி:
கச்சேரி அண்ணை, விஷயம் சரி, ஆனால் பிள்ளையை வெருட்டாதீர்கள். குடிசன மதிப்பை விட்டால் வாக்காளர் இடாப்பு இருக்கிறது. 1931 முதல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை, அந்த இடாப்பில் பெயர் இருக்கும். கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் கூடத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கலியாணம் எங்கே நடந்தது தம்பி? எந்தக் கோயில்? மாதா கோயில் என்றால் வழி வேறு. 1908 க்குப் பிறகு கத்தோலிக்கரின் கலியாணத்தை அவரவர் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம். கலியாண ஏடு அழிந்துபோனாலும் பொம்பிளை ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலின் ஏட்டில் ஒரு வரி கிடக்கக்கூடும்.

முள்ளியவளை_மைந்தன்:
வன்னியில் பட்டாளம் என்றால் முதலில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் படை வழி வந்தவர்களா என்று பாருங்கள். 1803 ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த படை அது. அந்த வழியில் வந்தவர்கள் பிறகும் பட்டாளத்துக்குப் போயிருப்பார்கள்.

பழைய_கச்சேரி:
தம்பி கேட்பது 1940 களைப் பற்றி. அதுவும் வெள்ளைக்காரனின் பட்டாளம். பண்டாரவன்னியனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவர் கதையும் 1803 ஒக்டோபர் 31 உடன் கற்சிலைமடுவில் முடிந்துவிட்டது.

முள்ளியவளை_மைந்தன்:
முடியவில்லை. கற்சிலைமடு நினைவுக் கல்லில் வெள்ளைக்காரக் கப்டன் வொன் டிறிபேர்க் அவரைத் தோற்கடித்தான் என்றுதான் வெட்டியிருந்தது, கொன்றான் என்று இல்லை. 1811 வரை இருந்தார் என்று சொல்பவர்கள் உண்டு. வெள்ளைக்காரன் நட்ட கல்லையே பிழையாக வாசித்தால் எப்படி?

செட்டிகுளத்தான்:
இரண்டு பேரும் அதற்கு வேறு இழை தொடங்குங்கள். தம்பி, பூட்டனின் மெடல், படம் ஏதாவது இருக்கிறதா? எந்தப் படை என்று தெரிந்தால்தான் எந்த நாட்டில் தேடுவது என்று தெரியும். படத்தில் தொப்பி வில்லையைப் பெரிதாக்கிப் பாருங்கள். துவக்கும் சவளும் பிக்கானும் குறுக்காக இருந்தால் பயனியர் கோர், அதாவது பட்டாளத்தின் கூலி வேலைப் பிரிவு.

வன்னிப்பெடியன்:
ஊர் ஒட்டுசுட்டான் பக்கம். முல்லைத்தீவில்தான் கேட்டேன், 1941 என்று சொன்னேன். கலியாணம் பிள்ளையார் கோயிலில். படம் எல்லாம் 2009 இல் போய்விட்டது. ஒரு நட்சத்திரம் மட்டும் அம்மப்பாவிடம் இருக்கிறது. ஆறு முனை, மணல் நிற றிபன், நடுவில் அகலச் சிவப்பு, இரண்டு பக்கமும் மெல்லிய நீலக் கோடு. பின்பக்கம் பெயர் ஒன்றும் இல்லை.

கடலோரக்_காகம்:
பெயர் இல்லாத மெடல் என்றால் யாரோ கடையில் வாங்கியதாக இருக்கும்.

செட்டிகுளத்தான்:
இல்லை. முதலாம் யுத்தத்து மெடல்களில்தான் விளிம்பில் பெயர் வெட்டுவார்கள். இரண்டாம் யுத்தத்தில் பிரித்தானியா கொடுத்த நட்சத்திரங்கள் பெயர் இல்லாமல்தான் வந்தன. முன்பக்கம் நடு வட்டத்தைச் சுற்றி ஆங்கிலத்தில் எழுத்து இருக்கும், அதை வாசியுங்கள். நீங்கள் சொல்லும் நிறத்துக்கு அது ஆப்பிரிக்கா ஸ்டார். 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை வட ஆப்பிரிக்கப் பக்கம் நின்றவர்களுக்குக் கொடுத்தது. பர்மாவுக்குத் தனி நட்சத்திரம் உண்டு. இலங்கையில் சேர்த்த பயனியர் ஆட்களை மத்திய கிழக்குக்குக் கொண்டுபோனார்கள், பூட்டன் அந்த வழியில் போயிருக்கலாம். பிரித்தானியப் படையணியில் சேர்ந்திருந்தால் ஆவணத்தை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும். 2022 முதல் பாதுகாப்பு அமைச்சிலிருந்து அங்கே மாற்றி வருகிறார்கள். முழுப் பெயர், பிறந்த திகதி, படை இலக்கம் இருந்தால் நல்லது.

கடலோரக்_காகம்:
போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலிலும் தேடலாமே.

துணுக்காய்_தேவி:
யுத்த காலத்திலும் 1947 முடிவு வரையும் சேவையோடு செத்தவர்களின் பெயர்தான் அதில் வரும். பூட்டன் வீடு திரும்பினவரா தம்பி? அதையும் நீங்கள் சொல்லவில்லை.

கலியாணப் பதிவுக்கு வருகிறேன். முல்லைத்தீவு இப்போதுள்ள மாவட்டமாகப் பிரிந்தது 1978 இல். நாற்பதுகளில் ஒட்டுசுட்டான் வவுனியா மாவட்டத்துக்குள். அதனால் வவுனியாவிலும் தேடச் சொல்லுங்கள். ஒரு ஆண்டை மட்டும் சொன்னால் அந்த ஆண்டை மட்டும்தான் பார்ப்பார்கள். 1938 முதல் 1948 வரை என்று எழுதிக் கொடுங்கள். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதியாமலே இருந்த காலம் அது. பட்டாளத்துச் சம்பளத்தில் மனைவிக்குப் பங்கு வர வேண்டும் என்று பிறகு பதிந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். அங்கே ஏடு இல்லை என்றாலும் விடாதீர்கள். பதிவின் இரட்டைப் பிரதி பதிவாளர் நாயகத்துக்குப் போகும்.

என் அப்பா விவாகப் பதிவாளராக இருந்தவர், ஏட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை பொம்பிளை இருவரின் வயது, தொழில், வசிப்பிடம், தகப்பன் பெயர், கடைசியில் சாட்சிகள். அந்தச் சாட்சிகளைக் கவனமாகப் பாருங்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்தான்.

எல்லாவற்றுக்கும் முதல் அம்மப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தகப்பனின் தொழில் ஒரு கூட்டில், பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்பது இன்னொரு கூட்டில் இருக்கும்.

பழைய_கச்சேரி:
தேவி சொன்னது சரியான வரிசை. முதலிலேயே ஊரைச் சொல்லியிருந்தால் இவ்வளவு நீண்டிருக்காது.

முள்ளியவளை_மைந்தன்:
கற்சிலைமடு பற்றித் தனி இழை தொடங்கிவிட்டேன், கச்சேரி அண்ணை அங்கே வரவும்.

வன்னிப்பெடியன்:
நன்றி எல்லோருக்கும். வட்டத்தில் ஆப்பிரிக்கா ஸ்டார் என்றுதான் இருக்கிறது. பூட்டன் திரும்பி வந்தவர், ஊரில்தான் காலமானவர். பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் தொழில் பட்டாளம், விவாகம் ஆம். அம்மப்பா அதை வாங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறார். வவுனியாவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

துணுக்காய்_தேவி:
நல்லது தம்பி. அம்மப்பா பிறந்த திகதி என்ன? கலியாணத்தை அதற்கு முந்திய ஆண்டுகளில் தேடச் சொல்லலாம். பூட்டியின் தகப்பன் பெயரும் தெரிந்தால் விண்ணப்பத்தில் சேர்த்து விடுங்கள்.