வருவீங்களா, கூட்டிட்டுப் போவியா?

அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் படிக்க வராது. ‘இன் தி மூட் ஃபார் லவ்’ படத்தை அவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. அதனால் போன வருடம் மழைக்காலத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து முழுப் படத்துக்கும் தமிழில் சப்டைட்டில் எழுதினேன். பேச்சு குறைவான படம்தானே, பத்து நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரே ஒரு வசனம் மூன்று வாரம் இழுத்துவிட்டது.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: வோங் கார்-வாய் இயக்கி 2000இல் வந்த ஹாங்காங் படம். கதை 1962இல் தொடங்குகிறது. பக்கத்துப் பக்கத்தில் குடிவரும் இருவராக டோனி லியுங், மேகி சியுங். அவனுடைய மனைவிக்கும் அவளுடைய கணவனுக்கும் தொடர்பு இருப்பது இருவருக்கும் தெரிய வருகிறது. அப்புறம் இவர்களுக்குள்ளேயே ஒரு நேசம் வளர்கிறது, ஆனால் அவர்களைப் போல நாமும் ஆகிவிடக் கூடாது என்று தங்களைப் பிடித்து நிறுத்திக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறான். “நான்தான். டிக்கெட் ஒன்று கூடுதலாக இருந்தால் என்னோடு வருவாயா?” என்று அவன் குரல் கேட்கிறது. அவள் ஓடிவருவதற்குள் அவன் போய்விட்டான். காலி ஹோட்டல் அறையில், கட்டிலில் உட்கார்ந்து அழுகிறாள். இப்போது அவள் குரலில் கிட்டத்தட்ட அதே கேள்வி. அவள் வாய் திறக்கவில்லை, குரல் மட்டும்தான்.

யாரிடம் கேட்கிறாள்? “நான்தான்” என்பது போனை எடுத்ததும் சொல்கிற வார்த்தை. அப்படியானால் முன்பே போன் செய்திருந்தாளா? இல்லை, மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறாளா? இந்தப் படத்தில் இருவரும் எதையும் ஒத்திகை பார்த்துத்தான் செய்வார்கள். கணவனிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு ஒத்திகை, பிரிவதற்கும் ஒரு ஒத்திகை. அந்த வரிசையில் இதுவும் ஒன்றோ என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது.

எழுதும்போது வந்த முதல் சிக்கல் நீயா, நீங்களா என்பது. படத்தில் பேசும் ஹாங்காங் மொழியான கான்டனீஸில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது மிஸ்டர் சௌ, மிஸஸ் சான் என்று. அவ்வளவு நெருங்கிய பிறகும் அந்த மரியாதை விலகவில்லை. “வருவியா” என்று போட்டால் அந்த ஒரு கணத்தில் அவன் வேலியைத் தாண்டிவிட்டான் என்று ஆகிவிடும். “வருவீங்களா” என்றால் வேலி அப்படியே நிற்கும். தமிழில் இதை மறைத்துப் பேச வழியே இல்லை. வாயைத் திறந்தாலே உறவு என்னவென்று தெரிந்துவிடுகிறது.

கான்டனீஸ் பேசி வளர்ந்த ஒரு தோழியிடம் அந்த இரண்டு காட்சிகளையும் போட்டுக் காட்டினேன். அவள் சொன்னதில்தான் எனக்குப் பாதிக் கதவு திறந்தது. நான் வைத்திருந்த ஆங்கில சப்டைட்டிலில் வெறும் டிக்கெட். மூலத்தில் அது கப்பல் டிக்கெட். அதோடு அவன் கேட்பது “சேர்ந்து கிளம்பலாமா” என்கிற மாதிரி. அவள் கேட்பது “என்னையும் அழைத்துக்கொண்டு போவாயா” என்று. ஒரே கேள்வி இல்லை. அவன் துணைக்குக் கூப்பிடுகிறான், அவள் தன்னை இங்கே விட்டுவிடாதே என்கிறாள். சரி என்று இரண்டுக்குமே ‘ங்க’ போட்டு எழுதி முடித்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் அம்மாவோடு பார்த்தேன். கட்டில் காட்சியில், “கப்பல் டிக்கெட் ஒண்ணு கூடுதலா இருந்தா என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?” என்ற வரி வந்தது. அம்மா “கொஞ்சம் நிறுத்து” என்றார்.

எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி சிங்கப்பூர் போனவர். அம்மா அப்போது கைக்குழந்தை. அம்மாச்சி ஊரிலேயே இருந்துவிட்டார். இது எனக்குத் தெரிந்த கதைதான். தெரியாததை அன்றைக்கு அம்மா சொன்னார். “எங்கம்மா அப்பாகிட்ட ‘என்னங்க, வாங்க’ தவிர வேற பேசி நான் பாத்ததில்ல. ஆனா தனியா ஆட்டுக்கல்லுல மாவு ஆட்டும்போது, ‘என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல நீ’ன்னு சொல்லிக்கிட்டே ஆட்டும். நான் உள்ள வந்தா நிறுத்திடும்.” அப்புறம் திரையைக் காட்டி, “இவளும் அவன்கிட்ட கேக்கலடி. அவன் போனப்புறம் கேக்குறா. அதுக்கு எதுக்கு ‘ங்க’?” என்றார்.

மேலே ஓடவிட்டேன். 1963, சிங்கப்பூர். அவள் அவன் இல்லாத நேரத்தில் அவன் அறைக்கு வந்து போகிறாள். அவன் வேலை செய்யும் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்கிறாள். அவன் எடுக்கிறான். ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுகிறாள். அவ்வளவு தூரம் வந்தவள், “நான்தான்” என்றுகூடச் சொல்லவில்லை. முந்தின வசனமும் போனில் சொன்னதாக இருக்க முடியாது என்று எனக்கு அந்த இடத்தில் உறுதியானது. அம்மா எதுவும் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று இரவே அந்தக் கோப்பைத் திறந்தேன். அவன் கேட்கிற “வருவீங்களா”வைத் தொடவில்லை. அவள் வரியில் மட்டும் “போவீங்களா”வை அழித்துவிட்டு “போவியா” என்று போட்டேன்.