‘ஆன் யுவர் பைக்’: தமிழில் எப்படி விரட்டுவது?

ஒரு வரியில் மூன்று வாரமாகச் சிக்கிக்கொண்டிருக்கிறேன். காட்பாடியில் இருந்தபடி ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்க்கிறேன். 1982, இங்கிலாந்து, காலணித் தொழிற்சாலை. வேலை போன இளைஞனிடம் மேற்பார்வையாளர் சொல்வது: “ஆன் யுவர் பைக், சன்.”

நேர்ப்பொருள் ‘சைக்கிளில் ஏறு’. உட்பொருள் ‘இடத்தைக் காலி செய்’. இதோடு போயிருந்தால் கவலையில்லை. 1981 அக்டோபரில் பிரிட்டிஷ் வேலைவாய்ப்பு அமைச்சர் நார்மன் டெபிட், 1930களில் வேலையிழந்த தன் தந்தை கலவரம் செய்யவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலை தேடினார் என்று கட்சி மாநாட்டில் பேசினார். அதன்பின் இந்தத் தொடரில் ‘போய் வேறு வேலை தேடு’ என்ற குத்தலும் ஏறிக்கொண்டது. கதைக்கு அந்தக் குத்தல்தான் உயிர்.

முதலில் ‘பைக்கில் ஏறு’ என்று எழுதினேன். “வேலையையும் பிடுங்கி வண்டியும் கொடுக்கிறார்களா?” என்று மகள் சிரித்தாள். நமக்குப் பைக் என்றால் மோட்டார் வண்டிதானே! ‘சைக்கிளை எடு’ என்றால் டீ வாங்க அனுப்புவதுபோல் இருக்கிறது. ‘நடையைக் கட்டு’ அருமையான வசவு, ஆனால் வேலை தேடும் பொருள் இல்லை. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த சித்தப்பா ‘கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பு’ என்றார். அதில் ஏளனம் போதவில்லை. குடியாத்தத்தில் இருக்கும் என் பழைய ஆங்கில ஆசிரியர் சொன்னது ‘வேலையைப் பார்த்துக்கொண்டு போ’. இதுவரை கிடைத்ததில் இதுதான் நெருக்கம், சைக்கிள் மட்டும் காணாமல் போகிறது. அடுத்த பத்தியிலேயே அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறான் என்பதால் அதையும் விட முடியவில்லை.

அடிக்குறிப்பு கூடாது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

விரட்டலும் வேலை தேடலும் சைக்கிளும் ஒன்றாக ஒலிக்கும் பேச்சுவழக்கு ஏதாவது உங்கள் ஊரில் உண்டா?