மூத்தவனுக்கு ஆட்டிசம், சின்னவனுக்கு எம்எம்ஆர் ஊசி: அக்காவிடம் எப்படிப் பேசுவது?

அடுத்த வாரம் அக்காவின் சின்னவனுக்கு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி. மூத்தவனின் தடுப்பூசி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, “இந்த ஊசி போட்ட மாதம்தான் இவன் பேச்சு நின்றது” என்கிறாள். இந்த ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பிரிட்டன் மருத்துவர் வேக்ஃபீல்டு 1998-ல் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றதைச் சொன்னேன். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைக் கவனித்த 2019 ஆய்வையும் காட்டினேன். அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம்கூட ஊசியால் ஆபத்து கூடவில்லை. எண்களைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஆட்டிசத்தின் அறிகுறிகள் வெளியே தெரியவரும் வயதும் ஊசி போடும் வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை எளிமையாக விளக்கும் தமிழ்க் காணொளி ஏதாவது இருக்கிறதா? அப்புறம், இதே நிலையில் இருந்து இரண்டாவது குழந்தைக்கு ஊசி போட்ட அம்மாக்கள் யாராவது அவளிடம் பேச முடியுமா?