ராணிப்பேட்டை மண், ஊதா வராத குழாய்: யாருக்காவது நடந்திருக்கிறதா?

பாலாற்றங்கரை
எம்.எஸ்சி. புராஜெக்ட். ராணிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் பூத்த மண், அதிலிருந்து பிரித்த பாக்டீரியா. உங்களில் பாதிப் பேர் இதையே செய்திருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்: அந்த மஞ்சள் குரோமேட், அதாவது நச்சான குரோமியம் ஆறு; பாக்டீரியாவின் என்சைம் அதை நச்சு குறைந்த குரோமியம் மூன்றாக்குகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. செல்லை உடைத்து, சென்ட்ரிபியூஜில் சுற்றி, தெளிந்த சாற்றில் குரோமேட்டும், எலக்ட்ரான் கொடுக்கும் என்ஏடிஎச்சும் விட்டேன். அரை மணிக்கு ஒருதரம் கொஞ்சம் எடுத்து அமிலம், குரோமியம் ஆறு இருந்தால் ஊதாவாகும் டைபீனைல் கார்பசைடு. முதல் குழாய் நாவற்பழச் சாறு மாதிரி ஊதா. நான்காவது வெறும் தண்ணீர்! குரோமியம் ஆறு காலி என்று கத்தியே விட்டேன்.

அப்புறம்தான், ஒப்பிட்டுப் பார்க்க என்சைம் கெடும்படி கொதிக்க வைத்த சாறு இருந்த குழாயைப் பார்த்தேன். வெளுக்கவே கூடாத அதிலும் ஊதா பாதி வெளுத்திருந்தது. கைடிடம் காட்டினேன். "போதும்மா, எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன். பத்து வருஷம் ஆச்சு, அந்தப் பாதி வெளுத்த குழாய் மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை.

காட்பாடி ரயில்
அக்கா, அது என்சைம் தோற்றது அல்ல. செல்லுக்குள் குளுட்டாதயோன் என்ற சின்ன மூலக்கூறு இருக்கிறது, அதுவே குரோமேட்டை மெதுவாக ஒடுக்கும், அதாவது எலக்ட்ரான் கொடுத்து மாற்றும். கொதித்தால் புரதம்தான் சுருளும், சின்ன மூலக்கூறுகள் அப்படியே கிடக்கும். சாற்றை டயாலிசிஸ் பண்ணி, சவ்வு வழியாகச் சின்ன மூலக்கூறுகளை வெளியேற்றியிருந்தால் தெரிந்திருக்கும்.

நான் ஈ.கோலை பாக்டீரியாவின் குரோமேட் ரிடக்டேஸை, அதாவது குரோமேட்டை ஒடுக்கும் என்சைமை, சுத்தம் செய்தவன். புரதத்தைப் பிரிக்கும் குழாயிலிருந்து (column) இறங்கும்போது சொட்டே மஞ்சளாக இருக்கும், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்த மஞ்சள் எஃப்.எம்.என். என்ற துணை மூலக்கூறு, பி2 வைட்டமினிலிருந்து வருவது. என்சைமோ நான்கு அமினோ அமிலச் சங்கிலிகள் சேர்ந்த புரதம். எஃப்.எம்.என். அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், ஒட்டப்பட்டது இல்லை. என்ஏடிஎச் கொடுக்கும் எலக்ட்ரான்களை வாங்கிக் குரோமேட் பக்கம் தள்ளுவதுதான் அதன் வேலை. குரோமியம் ஆறு மூன்றாக இறங்க மூன்று எலக்ட்ரான் வேண்டும். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் நடுவில் குரோமியம் ஐந்து வந்து, திரும்ப ஆறாகி, ஆக்சிஜனைக் கெடுத்துச் செல்லையே சுடும். இந்த என்சைமில் அந்தத் தொல்லை குறைவு. இத்தனைக்கும் அதன் சொந்த வேலை குயினோன் என்ற வேறு வகைச் சேர்மங்களை ஒடுக்குவது. குரோமேட் சும்மா பக்கத்து வேலை.

வாலாஜா வெங்காயம்
எல்லாரும் தோல் ஷாப்பையே திட்டுகிறீர்கள். (இங்கே யாரும் திட்டவில்லை, ஆனால் திட்டுவீர்கள், தெரியும்.) எங்கப்பா முப்பது வருஷம் தோல் பதனிடும் டிரம் பக்கத்தில் நின்றவர். குரோமியத்தில் பதனிட்டு நீலமான தோலில் போவது குரோமியம் மூன்று. கிணற்றை மஞ்சளாக்கியது குரோமேட் உப்பு செய்த இடத்துக் கழிவு. சின்ன வயதில் எங்கள் கிணற்றில் வாளி இறக்கினால் மேலே வரும்போது எலுமிச்சை நிறம், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் மாசு செய்தவரே செலவைத் தர வேண்டும் என்றது. அது தோல் ஷாப் வழக்கு, சரி. அதுக்காக எல்லாக் குரோமியத்தையும் ஒரே தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்று, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறவர்களே, அதனால் குரோமியம் போகாது. தண்ணீர் வற்றுகிற அளவுக்கு இன்னும் கெட்டியாகும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் வரம்பு. ஆர்.ஓ. வாங்கினால் வடிகட்டியை நேரத்துக்கு மாற்றுங்கள், கழிவு நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், கத்தரிக்காய்க்கு வேண்டவே வேண்டாம்.

காட்பாடி ரயில்
அண்ணே, கத்தரிக்காய் பற்றி யார் கேட்டது? அக்கா, அந்த மண் மிச்சம் இருக்கிறதா?

பாலாற்றங்கரை
ஹார்லிக்ஸ் பாட்டிலில், பரணில். அம்மா தூக்கிப் போடாமல் இருந்தால்.